ஊரணிக்கரையில் தொடங்குங்கள்

செட்டிநாட்டு ஊர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கானாடுகாத்தானையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, பதில்களுடன்.

கேள்வி: ரயிலில் போகும்போது ‘செட்டிநாடு’ என்று ஸ்டேஷன் பலகை பார்த்தேன். இறங்கிப் பார்த்தால் அப்படி ஓர் ஊரே இல்லை என்கிறார்கள். செட்டிநாடு என்பது உண்மையில் எங்கே இருக்கிறது? – வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் பார்த்தது கானாடுகாத்தானுக்கான ஸ்டேஷன். திருச்சி – காரைக்குடி பாதையில், திருமயத்துக்கும் கோட்டையூருக்கும் நடுவில் வரும். கானாடுகாத்தான்காரரான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருக்காகக் கட்டிய தனி ஓய்வறை அங்கே இருக்கிறது. அந்த அளவுக்கு ஊரின் செல்வாக்கு இருந்த காலம் அது.

செட்டிநாடு என்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார் என்னும் வணிகச் சமூகத்தார்) வாழும் ஊர்களின் தொகுப்புக்கு வழங்கிய பெயர். வருவாய்த் துறை ஆவணத்தில் அப்படி ஒரு வட்டமோ மாவட்டமோ கிடையாது. வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்று எல்லை சொல்வது மரபு. 96 ஊர்கள் என்பார்கள். இன்று நகரத்தார் ஊர்களாக எஞ்சியிருப்பவை எழுபதுக்குச் சற்று மேல். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், கடியாபட்டி ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம்.

இந்த மாவட்ட எல்லையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். தெற்கே இருந்த ஊர்கள் சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களுக்கு உட்பட்டவை. பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களுக்கு வேறு வேறு அரசு, வேறு வேறு வரி. பழைய பத்திரம் தேடுகிறவர்கள் முதலில் தங்கள் ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் பாதி அலைச்சல் மிச்சம்.

கேள்வி: ஆறு இல்லை, வளமான வயல் இல்லை. இந்தச் செம்மண் காட்டில் ஏன் இவ்வளவு பெரிய வீடுகள்? பூம்புகாரைக் கடல் கொண்டதால்தான் வீடுகளை உயரமாகக் கட்டினார்கள் என்று அப்பத்தா சொல்வார். உண்மையா? – வாசகி, தேவகோட்டை

காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்தவர்கள், பாண்டியன் இடம் கொடுக்க இளையாத்தங்குடியில் முதலில் குடியமர்ந்தார்கள் என்பது நகரத்தார் மரபு வரலாறு. அந்த நினைவு வீட்டின் உயரத்தில் இருக்கிறது என்று சொல்லக் கேட்கலாம். அதை மறுக்கவும் வேண்டாம், அதோடு நிறுத்தவும் வேண்டாம். உயரத்துக்கான காரணம் காலடியிலேயே இருக்கிறது.

இங்கே ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணுக்கடியில் செம்பராங்கல் பாறை. மேலே பெய்த நீர் சட்டென்று உள்ளே இறங்காது, தெருவோடு ஓடும். ஆள் மார்பளவு மேடை போட்டு வீட்டைத் தூக்கிவிட்டால் வெள்ளம் வாசலோடு போய்விடும், சுவரில் ஈரம் ஏறாது, கரையான் தேக்கைத் தொடுவதற்குள் கண்ணில் பட்டுவிடும். அந்த மேடைக்கும் சுவருக்கும் கல் வெளியூரிலிருந்து வரவில்லை. பூமியிலிருந்து வெட்டும்போது மெத்தென்றிருந்து, காற்றுப்பட இறுகும் செம்பராங்கல்தான். கல் வெட்டிய பள்ளம் சில இடங்களில் ஊரணியானது, அதாவது ஊர்ப் பொதுக்குளமானது.

வீடு பெரிதானதற்குப் பணம் வேறு இடத்திலிருந்து வந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கேள்வி: எங்கள் ஊர் ஊரணி ஒரு காலத்தில் தை மாதம் வரை தளும்பும். இப்போது நல்ல மழை பெய்தாலும் முட்டளவுதான் நிற்கிறது. போன ஆண்டு செலவு செய்து தூர் வாரியும் பயனில்லை. எங்கே கோளாறு? – ஊர்ப் பொதுப்பணியில் இருப்பவர், பள்ளத்தூர் அருகே

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். செட்டிநாட்டு வீடு, தெரு, ஊரணி மூன்றும் ஒரே அமைப்பு. ஒன்றைத் தனியாகச் சரிசெய்ய முடியாது.

வீட்டின் நாட்டு ஓட்டுக் கூரை நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து, வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்தில் நீரை இறக்கும். முற்றத்தின் மூலையிலுள்ள துவாரம் வழியாக, தரைக்கடியில் போகும் வடிகாலில் விழுந்து தெருக்கால்வாய்க்கு வரும். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் இருப்பது அழகுக்காக மட்டுமில்லை. வாட்டம் கொடுக்க வசதி. கால்வாய் போய்ச் சேருமிடம் ஊரணி. ஊரணி நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த ஊரணிக்கோ கண்மாய்க்கோ போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர், அதில் 80 சதவீதம் கைக்கு வரும் என்றால் 3,60,000 லிட்டர். அப்படி இருபது வீடு இருந்தால் 72 லட்சம் லிட்டர். நீள அகலம் அறுபது மீட்டர், ஆழம் இரண்டு மீட்டர் உள்ள ஊரணியின் கொள்ளளவு அதுதான். இருபது வீட்டில் பத்து வீடு முற்றத்துக்கு மேல் கண்ணாடித் தகடு போட்டு, குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டால் பாதி வரத்து அங்கேயே போயிற்று.

இரண்டாவது சந்தேகம் ரோடு. பழைய சாலையைத் தோண்டாமல் அதன் மேலேயே சிமெண்ட் ரோடு போடப் போட, தெரு மட்டம் உயர்ந்து கால்வாயின் வாட்டம் கெட்டுவிடும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வைத்தே சோதிக்கலாம். ஊரணி வாயிலிலிருந்து பின்னோக்கி, பத்துப் பத்து மீட்டராகக் கால்வாயின் அடிமட்டத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். நூறு மீட்டருக்கு 20 முதல் 30 சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். எந்த இடத்தில் மட்டம் மேலே ஏறுகிறதோ அங்கேதான் தண்ணீர் நின்று, வேறு சந்தில் புகுந்து ஓடுகிறது. அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு ஊரணியிலிருந்து தெருவின் தலைமாடு வரை நடந்து பாருங்கள். வரைபடம் காட்டாததை மழை காட்டிவிடும்.

மூன்றாவது, தூர் வாரியதே கோளாறாக இருக்கலாம். ஊரணியின் அடியில் பல காலம் படிந்த களிமண் படுகைதான் தண்ணீரைத் தாங்குவது. பொக்லைன் வண்டியை இறக்கி ‘இன்னும் ஆழம்’ என்று தோண்டும்போது அந்தப் படுகை உடைந்து கீழேயுள்ள சரளை வெளிவந்துவிடும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் உள்ளே இறங்கிவிடும். அடிமண்ணை ஒரு பிடி எடுத்து நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்துக்குத் திரி திரண்டு முறியாமல் நின்றால் களி இருக்கிறது. உதிர்ந்தால் படுகை போய்விட்டது. கண்மாய்க் களிமண்ணை 10 சென்டிமீட்டர் கனமாகப் பரப்பி, ஈரப்பதத்தில் திமிசுக்கட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த அடுக்கு; இப்படி மூன்று அடுக்காவது போட வேண்டும். காய்ந்த களியைக் கொட்டி வண்டியை ஓட்டிச் சமன் செய்தால் முதல் கோடையிலேயே வெடித்துவிடும்.

ஊரணி வாய்க்கு முன்னால் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் மண் பிடிக்கும் குழி ஒன்று கட்டி, மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் வழித்துவிடுங்கள். பாத்ரூம் தண்ணீர் சேரும் கால்வாயை ஊரணிக்கு விடவே கூடாது. வேலை முழுவதும் வைகாசியில் தொடங்கி ஆடிக்குள் முடிய வேண்டும். பல ஊரணிகள் அரசுப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். மண் எடுக்குமுன் தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஊர் ஒப்புக்கொண்டால் போதும் என்று இறங்கியவர்கள் வண்டியை மீட்க அலைந்ததுண்டு.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய பெற்றோருடன் ஒரே நாளில் கானாடுகாத்தானும் சுற்றுப்புறமும் பார்க்க முடியுமா? – வாசகி, சென்னை

பார்க்கலாம், எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாவிட்டால். காரைக்குடியில் தங்கிக் காலை எட்டு மணிக்குள் கார் எடுங்கள். கானாடுகாத்தான் அரை மணிக்குள் வந்துவிடும். நேராக அரண்மனை வாசலுக்குப் போகாமல் ஊரணிக்கரையில் இறங்கி, அங்கிருந்து ஒரு தெருவின் நீளத்துக்கு நடங்கள். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், அதன் பின்வாசல் அடுத்த தெருவில் இருப்பதை அப்போதுதான் பார்க்க முடியும். 1912இல் கட்டிய செட்டிநாடு அரண்மனைக்குள் பொதுவாக அனுமதி இல்லை, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் வேறு உண்டு. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக நுழைந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை முன்னோருக்கான படைப்புக்கு மட்டும் திறக்கும் வீடாக இருக்கும்.

உள்ளே போனால் வரிசை இப்படி: வெளித்திண்ணையும் முகப்பும், விருந்தினரை உட்கார வைக்கும் பட்டாலை, அதைத் தாண்டித் தூண்கள் சூழ்ந்த வளவு, வளவைச் சுற்றிக் குடும்பத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதிக்கும்) ஓர் அறை, பிறகு சாப்பாட்டுக்கான இரண்டாம் கட்டு, கடைசியில் சமையல் கட்டும் கிணறும். கல்யாணம் என்றால் ஆயிரம் பேருக்குப் பந்தி நடக்கும் வீட்டில், படுக்கும் அறை மட்டும் சிறியதாக இருப்பதைக் கவனியுங்கள். அறை பண்டபாத்திரத்துக்கும் சீருக்கும். ஆட்கள் படுத்தது வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில்.

பெரியவர்களுக்கு இரண்டு சிரமம். முகப்புப் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. செருப்பைக் கழற்றிய காலுக்கு முற்றத்துக் கல் பதினோரு மணிக்கே சுடும். ஆகவே வீடுகளைப் பத்தரைக்குள் முடித்துவிட்டு ஆத்தங்குடி போங்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறை நிழலானது, உட்கார்ந்தே பார்க்கலாம். மதியம் ஓய்வு. நான்கு மணிக்குக் கோயில் நடை திறந்ததும் குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி. குன்றக்குடி முருகன் மலைமேல். படி ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு, பாறையிலேயே குடைந்த கற்பக விநாயகரைப் பார்க்கலாம். அங்கே ஏற்றம் இல்லை. திருமயத்தை இதே நாளில் திணிக்க வேண்டாம். அது எதிர்த்திசை.

கேள்வி: திருமயம் கோட்டையைக் கட்டியது ஊமைத்துரையா? – பத்தாம் வகுப்பு மாணவர், புதுக்கோட்டை

இல்லை. 1687இல் சேதுபதி மன்னர் கட்டியது. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு ‘ஊமையன் கோட்டை’ ஆயிற்று. ஆனால் அந்தப் பாறையிலுள்ள கோயில்கள் கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. அதே பாறையின் தென்புறத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைகள் உள்ளன. பள்ளிகொண்ட பெருமாளின் உருவத்தைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கோட்டை ஏறும் வழியில் பாதிப் பாறையில் இன்னொரு சிறிய குடைவரையும் லிங்கமும் இருக்கின்றன. உச்சியில் பீரங்கி. காலை எட்டு மணிக்கு ஏறுங்கள். பிறகு பாறை கொதிக்கும். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊரும் இதுதான், பரீட்சைக்கு உதவும்.

கேள்வி: எங்கள் ஐயா வீட்டு முகப்பில் ‘ஆனந்த வருஷம் தை மாதம்’ என்று மட்டும் பொறித்திருக்கிறது. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், கோலாலம்பூர்

தமிழ் ஆண்டு அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆனந்த ஆண்டு 1854, 1914, 1974 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. இதில்தான் பலர் சறுக்குவது: சித்திரை ஏப்ரல் நடுவில் பிறக்கிறது, தை ஜனவரி நடுவில். ஆகவே ஆனந்த வருஷத்துத் தை என்றால் 1914 இல்லை. 1915 ஜனவரி, அல்லது 1855, அல்லது 1975.

மூன்றில் எது என்பதைக் கட்டடம் சொல்லும். மச்சில் இரும்பு உத்திரம், சுவரில் ஜப்பான் பூக்கல், வளவில் பர்மாத் தேக்குத் தூண், மாடியோடு கூடிய முகப்பு எல்லாம் சேர்ந்திருந்தால் 1855 ஒத்துவராது. ஒரே வீட்டில் முன்பகுதி புதிது, வளவு பழையது என்பது சகஜம். பொறிப்பு முகப்புக்கு மட்டுமானதாகவும் இருக்கலாம். உள்ளே சாமி அறை நிலையிலும் மரத்தூணின் தலைப்பகுதியான போதிகையிலும் வேறு பொறிப்பு உண்டா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. தமிழ் எண்ணில் ௲௯௱௰௪ என்றிருந்தால் அது 1914.

பெட்டகத்தில் ஓலையோ கணக்கேடோ இருந்தால் துடைக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, பழைய வெள்ளை வேட்டித்துணியில் சுற்றி வையுங்கள். வட்டிக்கடைக் கணக்கு, விலாசம் அச்சிட்ட கடிதத்தாள், கல்யாணத்து இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) ஆகிய மூன்றும் கிடைத்தால் குடும்ப வரலாற்றில் பெரும்பகுதி எழுதிவிடலாம். ஊர் நிலத்தின் வரலாறுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேடு, அதற்கு முந்தையவற்றுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

இன்னொன்று, நீங்கள் கோலாலம்பூரில் இருப்பதால்: நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளையும் எழுபத்தைந்து ஆண்டு தாண்டிய கையெழுத்துப் பிரதியையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: பர்மாப் பணம், பர்மாப் பணம் என்கிறார்களே, அது எப்படி வந்தது, எப்படிப் போயிற்று? – வாசகர், மதுரை

கீழ்ப் பர்மா 1852இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காட்டை அழித்து நெல் போட்ட விவசாயிக்கு முதல் வேண்டும். பெரிய வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்காது. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் நகரத்தார். ‘கொண்டு விற்கப் போவது’ என்று சொல்லி, மூன்றாண்டுத் தவணையில் ஏஜெண்டை அனுப்புவார்கள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். சின்னப் பையனாகப் போனவன் முதலாளியாகத் திரும்பும் ஏணி அது.

1930இல் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்து சேர்ந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் கால் பங்கு செட்டியார் கடைகளின் பெயரில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கொழித்தது போலத் தோன்றும். உண்மையில் அது விற்க முடியாத சொத்து, உள்ளூர்க்காரனின் கோபத்தையும் சேர்த்து வாங்கிய சொத்து. 1942இல் ஜப்பான் படை வந்தது, கால்நடையாகவே பலர் ஊர் திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. 1940களுக்குப் பிறகு இங்கே பெரிய வீடு எழும்பாததற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

கேள்வி: சுவர் முழுவதும் முட்டையால் கட்டியது என்பது நிஜமா? எங்கள் வீட்டில் பெயிண்ட் அடித்த இடமெல்லாம் உரிகிறது. – வாசகி, கோட்டையூர்

முட்டை வெள்ளைக்கரு கடைசி மெல்லிய பூச்சில் மட்டும்தான். அடியில் சுண்ணாம்பும் மணலும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்துப் பல கைகள் பூசியது. ஒவ்வொரு கையும் முந்தையதைவிடச் சன்னமாக இருக்கும். கடைசிக் கையைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இந்தச் சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்டோ சிமெண்ட் ஒட்டோ போட்டால் ஈரம் அடைபட்டு, உப்போடு சேர்ந்து பெயிண்டைத் தள்ளிவிடும். சிமெண்ட் ஒட்டு மட்டும் விழாது, பக்கத்துப் பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். உரிந்த இடத்தைச் சுரண்டி, இரண்டு மாதம் காய விட்டு, குறைந்தது மூன்று வாரம் நீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் இரண்டரைப் பங்கு சேர்த்துப் பூசுங்கள். ஒரு கைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போட்டால் வெடிக்கும். மேலே வெள்ளையடித்தால் போதும். அதற்கு முன், கூரை ஓடு நகர்ந்து அங்கே ஒழுகுகிறதா என்று பாருங்கள்; பாதி வீடுகளில் நோய் அங்கேதான்.

கேள்வி: நகரத்தாரின் ஒன்பது கோயில்கள் எவை? – வாசகர், திருப்பத்தூர்

இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. நகரத்தார் ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தவர். இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் ஏழேழு உட்பிரிவு. கல்யாணத்துக்கு இரு வீட்டாரின் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். திருமணப் பதிவு அதுதான். உங்கள் திருப்பத்தூரிலிருந்து வைரவன்பட்டியும் பிள்ளையார்பட்டியும் காரைக்குடிச் சாலையிலேயே அடுத்தடுத்து வரும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பதித்து ஒரு வருடத்தில் மங்கிவிட்டது, சில இடத்தில் வெள்ளை பூத்திருக்கிறது. கல் போலியா? – வாசகர், திருச்சி

போலியாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் பாலை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி ஈரத்தை உறிஞ்ச விட்டு, பிறகு கலவை போட்டு நிரப்புகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் காய்ந்து, கண்ணாடி கழன்றதும் வரும் பளபளப்பு அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான். மேலே மெருகு எதுவும் பூசியதில்லை. ஆகவே ஆசிட் ஊற்றிக் கழுவினால் அன்றைக்கே போய்விடும். எலுமிச்சை, புளித்தண்ணீர் சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும்.

வெள்ளை பூப்பது தரையடி ஈரத்தால் வரும் உப்பு. நனைத்த துணியால் தினமும் துடைத்து வந்தால் சில மாதத்தில் அடங்கும். அடங்காவிட்டால் கீழே குழாய்க் கசிவைத் தேடுங்கள். பதிக்கும்போதே கலவை முழுதாகக் காயுமுன் எண்ணெய் தேய்த்துவிட்டால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். பதித்து ஒரு மாதமாவது வெறும் தண்ணீர்தான். அதன் பிறகு வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் போதும். கையால் செய்வதால் கனம் கல்லுக்குக் கல் சற்று மாறும். டைல்ஸ் பசையில் மெல்லிசாக ஒட்டாமல் கெட்டியான கலவைப் படுகையில்தான் பதிக்க வேண்டும். உங்கள் தரையில் கல் முனைகள் தட்டுப்பட்டால் காரணம் அது. மிஷின் வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். வண்ணம் இருப்பது மேலே சில மில்லிமீட்டர்தான்.